தேவதாருவும் அதன் சுற்றமும்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் வாகட் என்னும் ஊர் இருக்கின்றது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயல் சூழ்ந்த சிற்றூர். இன்று ஹிஞ்சவடியிலுள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே இருப்பிடம். அங்கிருந்து முளா ஆற்றின் போக்கிலேயே சென்றால், பவனா ஆறு வந்து கலக்கும் தாபோடியை அடையலாம். இந்தியக் காடுகளின் நிர்வாக வரலாறு தொடங்கிய இடங்களுள் தாபோடியும் ஒன்று என்பதை, அவ்வழியே நாள்தோறும் புறநகர் இரயிலில் செல்வோர் பலர் அறியார்.

பம்பாய் கவர்னராக இருந்த சர் ஜான் மால்கமுக்குத் தாபோடியில் ஒரு மாளிகை இருந்தது. பின்னர் அத்தோட்டம் அரசின் தாவரப் பூங்காவாயிற்று. 1838 முதல் அலெக்சாண்டர் கிப்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் மேற்பார்வையாளராக இருந்தார். அக்காலத்துக் கம்பெனி மருத்துவர்கள் மருந்துச் செடிகளைத் தேடப் புகுந்து, செடிகளிலேயே மனம் தோய்ந்து, இறுதியில் காடுகளுக்கு வழக்குரைப்பவர்களாக மாறிவிடுவது வழக்கம். கிப்சனும் அவ்வாறே. சஹ்யாத்ரி மலைகளில் மரங்கள் வெட்டப்பட்டபின் ஓடைகள் வற்றுகின்றன என்று அவர் அரசுக்கு எழுதினார். 1847-ல் பம்பாய் மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக அவர் நியமிக்கப்பட்டார். நாடு முழுமைக்கும் காட்டிலாகா ஏற்படுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது.

ஆனால் இவ்வுரை சஹ்யாத்ரியைப் பற்றியதன்று. இமயத்தின் சரிவுகளில், ஆறாயிரம் அடிக்கு மேல், தேவதாருவும் அதன் உறவினமான ஊசியிலை மரங்களும் ஓக் முதலிய அகன்ற இலை மரங்களும் ஒருங்கே வளரும் கலப்புக் காடு ஒன்று உண்டு. அதற்கு நேர்ந்த கதையே இங்குக் கூறப்படுவது. புனேயிலிருந்து அதைக் கூறுவானேன் என நேயர்கள் கேட்கலாம். காரணம் இரும்புப் பாதை. 1853-ல் பம்பாயிலிருந்து தாணா வரை ஓடிய புகைவண்டி, 1863-ல் போர்காட் மலைச்சரிவைத் தாண்டிப் புனேயுடன் இணைந்தது. 1856-ல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. இவ்வாறு நாடெங்கும் நீண்ட பாதைகள் 1900-ல் 24,000 மைலைக் கடந்திருந்தன. தண்டவாளம் இரும்பு, அதைத் தாங்குவதோ மரம். இரயில்வேத் தொழிலாளர் சிலிப்பர் கட்டை என்று சொல்லும் அக்குறுக்குக் கட்டை, அகலப் பாதைக்குப் பத்தடி நீளமும் பத்து அங்குல அகலமும் ஐந்து அங்குலக் கனமும் உடையது. ஒரு மைலுக்கு இவ்வாறு 1,760 முதல் 2,000 கட்டைகள் வரை வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்து சில ஆண்டுகளில் உளுத்துப்போகும் அவற்றை மீண்டும் மாற்றவும் வேண்டும்.

எந்த மரமாயினும் இதற்கு ஆகாது. நம் நாட்டுக் கறையான் பெரும்பாலான மரங்களை ஓரிரு மழைக்காலத்திலேயே தின்று தீர்த்துவிடும். தேக்கு உண்டு, ஆனால் கப்பல் கட்டுவோர் அதற்கு முன்னரே விலை பேசியிருந்தனர். சால் மரம் உண்டு. வட நாட்டில் இவற்றுக்கு அடுத்தபடி நின்றது தேவதாரு. அதன் கட்டையில் ஊறியிருக்கும் நறுமண எண்ணெய் கறையானையும் பூஞ்சையையும் அண்டவொட்டாது. ஒரு மருந்தும் பூசாமல் மண்ணில் கிடத்தலாம். இந்த ஒரு குணமே அம்மரத்துக்கு வினையாக முடிந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். தேவர்களின் மரம் என்னும் பொருளுடைய வடசொல் தேவதாரு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தேவதாரம் என்று கேட்டால் மணமுள்ள மரத்துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டின் வறண்ட குறுங்காடுகளில் வளரும் செம்புளிச்சான் என்னும் சிறு மரத்துக்கும் தேவதாரம் என்றே பெயர் வழங்குகின்றது. இரண்டிற்கும் குடி வழியில் எவ்வித உறவும் இல்லை; கட்டையின் மணம் ஒன்றே பெயரை இழுத்து வந்தது போலும். கொடைக்கானலிலும் உதகையிலும் நாம் காணும் பைன் தோப்புகளோ மனிதர் நட்டவை. விந்திய மலைக்குத் தெற்கே இயற்கையாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான். அகத்திய மலை, ஆனைமலை முதலிய பகுதிகளின் மழைக்காடுகளில் இருக்கும் அம்மரத்துக்கு இலை ஊசியாக இல்லை; அகன்றே இருக்கும். எனவே கலப்பு ஊசியிலைக் காட்டைக் காணத் தமிழர் வடக்கே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், அலுவலகக் கோப்புகளோடு சென்ற தமிழ் எழுத்தர்கள் பலர் இக்காட்டின் நிழலிலேயே குடித்தனம் நடத்தினர். இன்று தில்லித் தமிழர் விடுமுறைக்குச் செல்லும் மணாலியும் இக்காட்டின் நடுவிலேயே இருக்கின்றது.

கீழிருந்து மேலே ஏறிச் செல்வோமாயின், முதலில் சீர் பைன் காடு. மூவாயிரம் அடி முதல் ஆறாயிரம் அடி வரை, வெயில் படும் சரிவுகளில், ஏறத்தாழ அதுவே தனியாட்சி செய்யும். தடித்த பட்டை தீயைத் தாங்கும். இளங்கன்று தீயில் கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதற்கு மேல் ஈரமுள்ள மடிப்புகளில் பான் எனப்படும் ஓக் மரமும் செந்நிறப் பூப்பூக்கும் மலைப்பூவரசும் தோன்றும். ஆறாயிரம் அடியைத் தாண்டிய பின் தேவதாரு வருகின்றது. அதனுடன் கைல் என்னும் நீலப் பைன். எட்டாயிரம் அடியை அணுகும்போது ராய், தோஷ் என்னும் இரு மரங்கள் கலந்து கொள்கின்றன. நம்மவர் கிறிஸ்துமஸ் மரம் என்று ஒரே பெயரால் குறிப்பது இவ்விரு இனங்களைப் போன்றவற்றையே. ஓடைக் கரைகளில் வாதுமை போன்ற அக்ரோட்டு மரம், காட்டுச் செர்ரி, மேப்பிள். இன்னும் மேலே கர்சு என்னும் ஓக், பிறகு பூர்ஜமரம், அதற்கப்பால் புல்லும் பனியும்.

ஏணிப்படிகள் போல நான் இதைச் சொன்னாலும் மலை அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவு. பனி நெடுநாள் தங்கும். ஆகவே உயரத்துக்குரிய தோஷ் மரம் அங்குத் தாழ இறங்கி வருகின்றது. எதிரேயுள்ள தெற்குச் சரிவில் அதே உயரத்தில் சீர் பைன் ஏறி நிற்கும். ஒரு பள்ளத்தாக்கின் இரு கரைகள் இரு நாடுகள் போலத் தோன்றும். இவ்விரண்டும் சந்திக்கும் தோள்பட்டைகளிலும் மடிப்புகளிலுமே மரங்கள் மிகுதியாகக் கலக்கின்றன.

கலந்திருப்பதன் பயன் என்ன? தேவதாருவின் பிறப்பைப் பார்த்தால் விளங்கும். புரட்டாசி ஐப்பசியில் அதன் மகரந்தம் மஞ்சள் புழுதியாகக் காற்றில் பரவும். காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் முட்டை வடிவக் காய் மரத்திலேயே உதிர்ந்து, சிறகுள்ள விதைகள் கீழே விழுகின்றன. விதைமேல் பனி போர்வையாக விழும். இளவேனிலில் பனி உருகும்போது அந்த ஈரத்தில் முளை கிளம்பும். ஆண்டுதோறும் நல்ல விளைச்சல் இராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே விதை மிகுதியாக விழும். அப்படி முளைத்த கன்றுக்கு முதற்கோடை பெருஞ்சோதனை. மேலே முழுவெயில் பட்டால் வாடும். முழுநிழல் கவிந்தால் நெடுநாள் குன்றியே கிடக்கும். வேண்டுவது இளம்நிழல். அதை அளிப்பது கைல். மலைச்சரிவு இடிந்து புதுமண் வெளிப்பட்ட இடத்தில் முதலில் குடியேறுவது கைல். கைவிடப்பட்ட வயலிலும் அதுவே. வெயில் விரும்பியான அது விரைந்து வளர்ந்து மெல்லிய நிழலைப் பரப்ப, அதனடியில் தேவதாரு மெதுவாகத் தலையெடுக்கின்றது. பிறகு ஒரு நாள் கைலையும் மிஞ்சி உயர்கின்றது. செவிலித்தாய் என்று காட்டியலார் கைலை அழைப்பது மிகையன்று.

ஓக் மரத்துக்கு வேறு பணி. அதன் இலைச்சருகு மென்மையாக மக்கி மண்ணைப் பஞ்சு போல ஆக்கும். மழை நீர் ஓடாமல் உள்ளிறங்கும். பைன் ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. கோடையில் வைக்கோல் போல எரியும். ஆதலால் ஓக் மறைந்து பைன் பரவிய இடத்தில் ஊற்று மெலிவதையும் தீ மிகுவதையும் மலைவாசிகள் எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே அறிந்திருந்தனர். வேர்களில் ஒட்டி வாழும் பூஞ்சைகள் மரத்துக்கு உப்புச்சத்தை ஊட்டி மாவுச்சத்தைப் பெறுகின்றன. கைலின் விதைகளைத் தின்று ஒளித்துவைக்கும் பறவை ஒன்று, ஒளித்ததை மறந்துவிட்டு விதைப்பவனாகின்றது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுத்தபோது மரத்தை மட்டும் சொல்லவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, பறவை, தொழில் ஆகிய யாவற்றையும் ஒருசேர எண்ணினார். குறிஞ்சிக்கு அவர் வகுத்த அந்த எண்ணம் இமயத்தின் இக்காட்டுக்கும் பொருந்துகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒப்பந்தக்காரர் கருப்பொருளில் ஒன்றை மட்டும் விலை பேசினர்.

அவர்களுள் முதல்வர் பிரடெரிக் வில்சன். 1850 அளவில் தெஹ்ரி மன்னரிடம் குத்தகை பெற்று, கங்கையின் மேற்பள்ளத்தாக்கில் ஹர்சிலில் தங்கி, தேவதாருக்களை வெட்டி ஆற்றில் விட்டார். மரங்கள் ஹரித்துவாரம் வரை மிதந்து வந்தன. அதில் வந்த செல்வத்தால் அவரை மலைநாட்டார் ஒரு குறுநில மன்னர் போலவே கருதினர். அவரைத் தொடர்ந்து அரசே களத்தில் இறங்கிற்று.

இங்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவர் கதையில் நுழைகின்றார். ஹியூ கிளெக்ஹார்ன் 1820-ல் சென்னையில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தார். மைசூர் நாட்டில் ஷிமோகாவில் இருந்தபோது செடிகளை ஓவியம் தீட்டுவித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரநூல் கற்பித்தார். 1856-ல் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலரானார். புதிதாக வந்த இரயில்வேக்குக் கட்டையும் விறகும் தேவைப்பட்ட வேகத்தை அவர் நம் மலைகளிலேயே கண்டவர். 1861-ல் தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி நூல் வெளியிட்டார். அதன்பின் அரசு அவரைப் பஞ்சாபுக்கு அனுப்பியது. சட்லஜ், பியாஸ், ராவி, செனாப் ஆகிய ஆறுகளின் மேற்பள்ளத்தாக்குகளில் நடந்து தேவதாருக் காடுகளை ஆராய்ந்து, 1864-ல் தம் அறிக்கையை அச்சிட்டார். ஆற்றை ஒட்டி, எளிதில் எட்டும் இடத்தில் நின்ற நல்ல மரங்கள் அதற்குள்ளாகவே வெட்டுண்டு போயிருந்தன. ஆறடிச் சுற்றளவு எய்த ஒரு தேவதாருவுக்கு நூறாண்டுக்கு மேல் வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது ஒரு கோடைக்காலம்.

அதே 1864-ல் சம்பா, பஷஹர் ஆகிய மலை அரசுகளின் காடுகளை ஆங்கில அரசு குத்தகைக்கு எடுத்தது. அவ்வாண்டு நவம்பரில், பர்மாவின் தேக்குக் காடுகளை நிர்வகித்துப் பெயர் பெற்ற ஜெர்மானியத் தாவரவியலார் டயட்ரிக் பிராண்டிஸ், இந்தியாவின் முதல் தலைமைக் காட்டதிகாரியானார். 1865-ல் ஒரு சட்டம். 1878-ல் அதைவிடக் கடுமையான மற்றொரு சட்டம். அதே ஆண்டு தேராதூனில் காட்டுப் பள்ளி. காட்டைக் காப்பதற்கே இவையெல்லாம் என்று சொல்லப்பட்டது, அது பொய்யுமன்று. ஆயினும் காத்தவர்களும் வெட்டியவர்களும் ஒரே அலுவலகத்தில் இருந்தனர். தெஹ்ரியின் யமுனைப் பள்ளத்தாக்குக் காடுகளிலிருந்து மட்டும் 1869 முதல் 1885 வரை வெளியேறிய தேவதாருக் கட்டைகள் ஏறத்தாழ 65 இலட்சம். மைலுக்கு இரண்டாயிரம் என்று வகுத்துப் பார்த்தால் அது 3,250 மைல் தண்டவாளம். வெட்டிய இடத்திலேயே அறுத்து, மரச்சறுக்குகளில் வழுக்கவிட்டு, ஓடையில் தள்ளி, பேராற்றில் தெப்பமாகக் கட்டினர். தோல் பைகளில் காற்றை நிரப்பி அவற்றின்மேல் மிதந்தவாறே ஆட்கள் கட்டைகளை வழி நடத்தினர். பனியாற்று நீரில் அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி அறிக்கைகள் மிகுதியாகப் பேசுவதில்லை.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். காட்டுச் சட்டங்களைத் தமிழாக்கும்போது, சிறுவன மகசூல் என்றொரு தொடர் அடிக்கடி வரும். வெட்டுமரம் நீங்கலாக எல்லாம் அதற்குள் அடக்கம்: புல், தேன், மருந்து வேர், தழை, பிசின், மூங்கில், காளான். ஆங்கில மூலத்தில் இட்ட பெயருக்கு அது சரியான தமிழ்தான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் மலைக்கிராமத்துப் பெண்ணிடம் கேட்டால், மாட்டுக்குத் தழையும் வயலுக்கு மக்கிய சருகும் தரும் ஓக் மரமே பெருமகசூல் என்பாள். சிலிப்பர் கட்டையால் அவளுக்கு யாதொரு பயனும் இல்லை. ஒரு தொடரில் எது பெரிது எது சிறிது என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அத்தீர்ப்பை நூறாண்டு காலம் ஒருவரும் மேல்முறையீடு செய்யவில்லை.

மலைநாட்டார் தேவதாருவைப் போற்றாதவர் அல்லர். கல்லையும் தேவதாரு உத்தரங்களையும் மாறி மாறி அடுக்கிக் கட்டும் அவர்களுடைய வீடுகள் நிலநடுக்கத்தில் நெகிழ்ந்து நின்று தப்புபவை. மணாலியில் 1553-ல் எழுப்பப்பட்ட ஹிடிம்பை கோயில் இன்றும் தேவதாருச் சோலையின் நடுவே நிற்கின்றது. தெய்வத்துக்கு விடப்பட்ட அத்தகைய சோலைகளில் கோடரி படுவதில்லை. நம் ஊர்க் கோயிற்காடுகளையும், மராத்தியர் தேவராய் என்று வழங்கும் சோலைகளையும் போன்றவை அவை. தேவராய்களை மாதவ் காட்கில், வர்தக் ஆகிய இருவரும் புனேயிலிருந்தே முறையாக ஆராய்ந்து 1970-களில் உலகுக்கு எடுத்துரைத்தனர். குலு நாட்டில் 1886-ல் ஆண்டர்சன் என்னும் அதிகாரி நடத்திய காட்டு உரிமைத் தீர்வில், வீடு கட்ட மரம் பெறவும் மேய்க்கவும் தழை வெட்டவும் கிராமத்தாருக்குள்ள உரிமைகள் எழுதி வைக்கப்பட்டன. எல்லா மாவட்டங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

தேவதாருவை மட்டும் பொறுக்கி வெட்டியபின் காட்டில் என்ன நேர்ந்தது? காட்டிலாகாவினர் நல்ல விதைமரங்களை நிறுத்தி, அடியைத் திறந்து, புதுக்கன்று வரக் காத்திருந்தனர். தேவதாருவும் கைலும் கலந்த கீழ்ப்பகுதிகளில் மேய்ச்சலைத் தடுத்த இடத்தில் கன்றுகள் வந்தன. இதில் அவர்கள் அடைந்த வெற்றியை மறைக்கலாகாது. இன்று சிம்லாவைச் சுற்றியும் சக்ராதாவிலும் நாம் காணும் அழகிய தேவதாருக் கூட்டங்கள் பல அவர்கள் கைப்பட்டவை. ஆனால் மேற்பகுதியில் ராயும் தோஷும் முரண்டு பிடித்தன. பெருமரங்களை வெட்டி வெளிச்சம் விட்டால், கன்று வருவதற்கு மாறாகக் களைகள் ஆளுயரத்துக்கு எழுந்தன. வெட்டாமல் விட்டாலோ, மக்காத ஊசிச்சருகு தடித்த மெத்தையாகக் கிடந்தது. அதில் விழுந்த விதை முளைத்து, வேர் மண்ணைத் தொடுமுன் கோடையில் காய்ந்தது. எருமையும் ஆடும் மிதித்தவை போக எஞ்சியவற்றின் கதி இது. பட்டுப்போய்ச் சாய்ந்து உளுத்த அடிமரத்தின்மீது, அல்லது மண் சற்றுக் கிளறப்பட்ட இடத்தில் மட்டும் சில கன்றுகள் தழைத்தன. காட்டைத் துப்புரவாக வைப்பதாக எண்ணி அத்தகைய அடிமரங்களை அகற்றியதும் உண்டு.

1921-ல் டிரூப் என்பார் இந்திய மரங்களின் வளர்ப்பியலைப் பற்றி மூன்று பெரும் தொகுதிகள் வெளியிட்டார். ஒவ்வொரு மரத்தின் விதை, நிழல், வெயில், பனி, தீ, மேய்ச்சல் ஆகியவற்றை அவை அவ்வளவு பொறுமையாக விவரிக்கின்றன. 1936-ல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹாரி சாம்பியன், இந்தியாவின் காடுகளை மரக்கூட்டங்களாக வகைப்படுத்தினார். மேற்கு இமயத்துக் கலப்பு ஊசியிலைக் காடு அப்போதுதான் தனக்கெனப் பெயர் பெற்றது. 1968-ல் சேத் என்பாருடன் சேர்ந்து அவர் அதைத் திருத்தி வெளியிட்டார். எந்த மரம் எத்தனை கன அடி தரும் என்று மட்டும் கேட்டுவந்த துறை, எந்த மரம் எதனுடன் ஏன் வாழ்கின்றது என்று கேட்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே வேதியியல் ஒரு புதுக் கதவைத் திறந்தது. கிரியோசோட் என்னும் தார் எண்ணெயை ஊட்டினால் சீரும் கைலும் கூட இரயில்பாதையில் நிலைக்கும் என்று தெரிந்தது. 1933-ல் தேராதூனில் சோன்டி காமேசம் என்னும் இந்தியர், செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த காப்புமருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அது உலகெங்கும் பரவிற்று. தேவதாருவுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. அதன் சுற்றத்துக்கோ ஆபத்து வந்தது. சீர் பைனைக் கீறிப் பிசின் வடித்து டர்பென்டைன் செய்யும் தொழிலும் பெருகியது. குமாவூனில் பைன் காடுகளைப் பெருக்கி, கிராமத்தார் தழைக்கும் மேய்ச்சலுக்கும் தடை விதித்தபோது, 1921-ல் அவர்கள் அக்காடுகளுக்குத் தீ வைத்தனர். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அகன்ற இலைக் காடுகளும் அரசின் வசமே இருந்தன. அவை தாக்கப்பட்டதற்குச் சான்று இல்லை. இதை எடுத்துக்காட்டியவர் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா. தேராதூனில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர் அவர். தந்தை அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். வெளிமாநிலத்தில் வளர்ந்த ஒரு தமிழர், தாம் வளர்ந்த மலையின் வழக்கை 1989-ல் நூலாக எழுதியது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

விடுதலைக்குப் பின் வந்தது ஆப்பிள். கோட்கட்டில் சாமுவேல் ஸ்டோக்ஸ் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டது 1916 அளவில். பழத்தோட்டங்கள் பெருகப் பெருக, பழத்தை அடுக்கிச் சமவெளிக்கு அனுப்பப் பெட்டிகள் வேண்டியிருந்தன. இலேசான மரம், எளிதில் பிளக்கும் மரம், மணமற்ற மரம் எதுவோ அதுவே பெட்டிக்கு ஏற்றது. கறையானைத் தாங்காது என்று நூறாண்டு காலம் ஒதுக்கப்பட்ட ராயும் தோஷும் இவ்வாறு பெட்டிகளாயின. 1980-களில் அட்டைப்பெட்டி வரும்வரை இது நீடித்தது. தண்டவாளத்துக்காகத் தேவதாரு, பழப்பெட்டிக்காக மற்றவை. அதிலும் தேவதாருவை வெட்டினால் அதன் கன்று மீண்டும் வந்தது. இவையோ, மேலே கூறியபடி, எளிதில் கன்று விடாதவை.

1973-ல் சமோலி மாவட்டத்து மண்டல் கிராமத்தாரும், 1974-ல் ரேணி கிராமத்துப் பெண்களும் மரங்களைத் தழுவி நின்று வெட்டுவோரைத் திருப்பியனுப்பினர். உத்தரப் பிரதேச மலைப்பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டுவது 1981-ல் தடை செய்யப்பட்டது. பின்னர் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காஷ்மீர், இமாசலம், உத்தரப் பிரதேச மலைப்பகுதி ஆகியவற்றில் மரம் வெட்டுவதை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்தியது. அவ்வழக்கு எங்கிருந்து எழுந்தது தெரியுமா? நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து. அங்கு மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கே, ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்ற தோஷ் மரங்களையும் காத்தது. சென்னையில் பிறந்த கிளெக்ஹார்ன் அளந்த காட்டைக் கூடலூர் வழக்கு காத்தது என்று சொல்வது, ஒரு விசித்திரமான ஒற்றுமையாகும்.

வெட்டுவதை ஆணையால் நிறுத்தலாம்; முளைப்பதை ஆணையிட இயலாது. கோடரி ஓய்ந்த பின்னும் மேற்பகுதிக் காடுகளில் முதுமரங்களின் கீழே இளங்கன்றுகள் அரிதாகவே இருக்கின்றன. சூழ்நிலை வெப்பமாவது புதிய கவலை. இதை ஆராயும் இடங்களுள் ஒன்று, வாகட்டுக்கு அருகில் பாஷாணில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம். 1962-ல் நிறுவப்பட்ட அந்நிறுவனத்து அறிஞர்கள், மேற்கு இமயத்துத் தேவதாருக்களில் மெல்லிய துளைக்கருவியால் பென்சில் போன்ற மரத்துண்டுகளை எடுத்து வந்து ஆண்டு வளையங்களை அளந்தனர். மரத்துக்கு இதனால் தீங்கில்லை. பருவமழைக்கு முந்திய மாதங்களில் நல்ல ஈரம் கிடைத்த ஆண்டில் வளையம் அகன்றிருக்கின்றது. அம்மாதங்களில் வெப்பம் மிக்க ஆண்டில் குறுகியிருக்கின்றது. வானிலைக் கருவிகள் மலைக்கு வருவதற்கு முந்திய காலத்து வேனில்களையும் இவ்வாறு ஓரளவு அறிய முடிந்தது. ஊசியிலையே வளராத புனேயில், இமயத்து மரத்தின் நாட்குறிப்பு படிக்கப்படுகின்றது.

சிம்லாவுக்கு இனிச் செல்லும் நேயர்கள், டல்லிக்கும் குஃப்ரிக்கும் இடையே நகரத்தின் குடிநீருக்காக ஆங்கில ஆட்சிக் காலத்திலேயே காக்கப்பட்ட காட்டைக் காணலாம். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தேவதாரு, கைல், ராய், தோஷ், ஓக் ஆகிய யாவும் அதில் உண்டு. கட்டைக்காக அன்றித் தண்ணீருக்காக வைத்த காடாதலால், சுற்றம் சிதறாமல் நிற்கின்றது. மேலும் செல்ல நேரமுள்ளவர்கள் நார்கண்டாவில் இறங்கி ஹாட்டு சிகரத்துக்கு நடக்கலாம். சித்திரை வைகாசியில் வழியோரத்தில் பனி உருகிய ஈரம் இருக்கும். சாய்ந்து உளுத்த அடிமரம் ஏதேனும் தென்பட்டால் அதன் பாசிமேல் குனிந்து பாருங்கள்: விரல் நீளமுள்ள தோஷ் கன்றுகள் நான்கைந்து வரிசையாக நிற்கக்கூடும். சென்ற ஆண்டுக் கோடையைத் தாண்டியவற்றின் தண்டு, அடியில் சற்றுப் பழுப்பேறிக் கடினமாகியிருக்கும்.